மூன்றாம் ஓலை

போன மாதம் ஒரு ஞாயிறு. தங்கச்சிமடத்தில் எங்கள் கோயிலில் பூசை முடியும் தறுவாயில் சாமியார் ஓலை வாசித்தார். மூன்று ஜோடி. முந்தின வாரம் நான்கு. விடுபட்டது யார் என்று கண்டுபிடிக்க ஊருக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. பெண்கள் பக்கம் முன்வரிசை தொடங்கி முக்காடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. விடுபட்ட பெண் என்னிடம் பிளஸ் டூவில் தமிழ் படித்தவள். நர்சிங் முடித்து ராமநாதபுரத்தில் வேலை பார்க்கிறாள். வாசலில் நான் செருப்பை மாட்டுவதற்குள் மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள்: "டீச்சர், அந்தப் புள்ளைக்கு என்ன குறையாம்?"

மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குள் கல்யாணம் பேசி முடித்தால் பங்குக் கோயிலில் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று. இதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் கொண்டுவந்த ஏற்பாடு. மூன்று முறை வாசிக்க வேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது. எதற்காக வாசிக்கிறார்கள்? நிறுத்த வேண்டிய கல்யாணமாக இருந்தால் தாலி ஏறுவதற்குள் நிறுத்துவதற்குத்தான். எண்ணூறு வருஷமாக ஓலை வாசிக்கிற காலம் திறந்து வைத்த கதவு. நாம் அதை அழைப்பிதழ் கொடுக்கிற மூன்று வாரமாக்கிக் கதவைப் பூட்டிவிட்டோம். ஓலை நின்றால் ஓலை தன் வேலையைச் செய்தது என்று ஏன் நமக்குத் தோன்ற மாட்டேன் என்கிறது?

இதைக் கேட்கிற உரிமை எனக்கு உண்டு. 2018இல் மூன்றாம் ஓலை வாசிக்கப்படாத பெண் நான்.

எங்கள் கரையில் கல்யாணங்கள் குவிகிற காலம் ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். எங்கள் தெருவில் பந்தல் போடாத வாரம் இருக்காது. எனக்கும் மே 16, புதன்கிழமை என்று குறித்திருந்தார்கள். எனக்கு 24 வயது. எம்.ஏ. தமிழ் முடித்திருந்தேன். பி.எட். சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். பொங்கல் கழிந்து நிச்சயம் ஆனதும் அதை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டேன். போகிற வீட்டில் என்ன சொல்வார்களோ என்று.

பேசியது 30 பவுனும் மூன்று லட்சம் ரொக்கமும். அன்றைக்குப் பவுன் சுமார் 24,000 ரூபாய். இன்று அதைப் போலப் பல மடங்கு. நிச்சயத்தன்று வெற்றிலை பாக்கோடு ஒரு லட்சத்தைத் தாம்பாளத்தில் வைத்தோம். மீதி, கல்யாணத்துக்கு முந்தின வாரம். என் அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அதை வைத்துத்தான் அந்த வாக்கு.

மார்ச்சில் படகு அக்கரையில் பிடிபட்டது. அந்த வருஷம் ஜனவரியில்தான் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்கான சட்டத்தை இலங்கை திருத்தி, அபராதத்தைக் கோடிகள் வரை ஏற்றியிருந்தது. ஆட்கள் ஒரு மாதத்தில் திரும்பி வந்தார்கள். படகு வரவில்லை. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படகு போனால் அதோடு வட்டி மட்டும் போகாது. ஐஸ் கம்பெனிக் கடனும் டீசல் கடனும் வலைக் கடனும் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் ஓலை ஏப்ரல் 22. இரண்டாம் ஓலை ஏப்ரல் 29. மே 3, வியாழக்கிழமை சாயங்காலம் தரகர் வந்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை, மாமா வீட்டுக்குப் போனார். "அவுங்களுக்கு இப்பத் தோதுப்படலயாம்" என்று மாமாவிடம் சொன்னார். மாமா அத்தையிடம் சொல்லி, அத்தை அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. கருவாட்டுக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மா அதன் மேலேயே உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நாள் முழுக்கக் கருவாடு விற்றுவிட்டு வந்தாலும் இருட்டுகிற வரை உட்காராதவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை வாசித்துவிடுவார்களோ என்ற நப்பாசையாகக்கூட இருக்கலாம். அறிவிப்பு நேரம் வந்தது. சாமியார் தாளைப் பிரித்தார். எங்களுக்கு முந்தின ஜோடியை வாசித்தார். அடுத்து எங்கள் பெயர் வர வேண்டும். அவர் ஒரு நொடி நிறுத்தினார், அவ்வளவுதான். அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார். அந்த ஒரு நொடியில் மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. என் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதென்று சின்ன வயதில் பிடித்ததுபோல.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் இழவு வீட்டுக்கு வருகிறவர்களைப் போலத்தான் வந்தார்கள். வாசல்படியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. "ராசி அப்படி" என்றார்கள். "ஒரு தடவ நின்னா அடுத்த தடவ பேசுறது செரமம்" என்றார்கள். படகு பிடிபட்டதும் என் ராசிக்கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. எதிர்வீட்டு ஆச்சி ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. ஆடி மாதம் என்னை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பர்வதவர்த்தினி அம்மனுக்கு ஆடியில்தான் திருக்கல்யாணம். ஊரெல்லாம் கல்யாணம் வைக்கப் பயப்படுகிற மாதத்தில் அந்தத் தாய் மணப்பெண்ணாக நிற்கிறாள். கூட்டத்துக்குள் என் காதோரம் குனிந்து ஆச்சி சொன்னாள்: "பாத்தியாத்தா. மாசம் என்ன செய்யும்? மனுசருதான் செய்யுறது." நான் வேதக்காரி, அவள் சிவன் கோயிலுக்குப் போகிறவள். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த உருப்படியான ஆறுதல் அது ஒன்றுதான்.

அக்டோபரில் '96' படம் வந்தது. ராமநாதபுரத்தில் ஒரு தியேட்டரில் தோழிகளோடு பார்த்தேன். ராமுக்காகவும் ஜானுவுக்காகவும் தியேட்டரே அழுதது. எங்கள் தெருக்காரர்களும் அழுதார்கள். சேராமல் போன காதலுக்குத் திரையில் அவ்வளவு கண்ணீர் விட்ட அதே ஆட்கள்தான் மே மாதம் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து என் ராசியைப் பேசினார்கள். ஜானுவாக நடித்த த்ரிஷாவுக்கே 2015 ஜனவரியில் நிச்சயதார்த்தம் நடந்து சில மாதங்களில் நின்றுபோனது. அதை அவர் தன் வாயாலேயே ஊருக்குச் சொன்னார். பிறகு ஜானுவாக நடித்தார், குந்தவையாக நடித்தார். 2025 டிசம்பர் 7 அன்று கிரிக்கெட் வீராங்கனை ஸ்மிருதி மந்தனா தன் கல்யாணம் நின்றுவிட்டதைத் தானே எழுதி அறிவித்தார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அவர் ஆடிய அணி உலகக் கோப்பையை வென்றிருந்தது. பிரபலமானவர்களுக்கு எல்லாம் சுலபம் என்பார்கள். காசும் புகழும் அவர்களுக்கு எவ்வளவு துணை நின்றன என்பதை நான் அளக்கப்போவதில்லை. நான் பார்த்தது வேறொன்று. அந்த இருவர் விஷயத்திலும் செய்தி அவர்கள் வாயிலிருந்து வந்தது. என் கல்யாணம் நின்ற செய்தி தரகர், மாமா, அத்தை, அம்மா என்று நாலு வாய் மாறி வந்தது. அதில் என் வாயும் இல்லை, மாப்பிள்ளை வாயும் இல்லை.

பெரியபுராணம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும். தடுத்தாட்கொண்ட புராணத்தில் வருவதும் நின்றுபோன ஒரு கல்யாணம்தான். புத்தூரில் பந்தல் போட்டு, நாவலூரிலிருந்து மாப்பிள்ளை குதிரையில் வந்து இறங்கி, மணச் சடங்கு தொடங்குகிறது. ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இதோ ஓலை என்கிறார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். மூல ஓலை வெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளிவருகிறது. வந்தவர் இறைவன் என்று தெரிகிறது. மாப்பிள்ளை சுந்தரராகிறார். பிறகு திருவாரூரில் பரவையாரையும் திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக நாம் கொண்டாடுகிற கதை.

புத்தூர்ப் பந்தலில் இருந்த அந்தப் பெண் என்ன ஆனாள்? சடங்கவி சிவாச்சாரியாரின் மகள் என்ற அளவுக்குத்தான் அவளை நமக்குத் தெரியும். அப்பா பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. சுந்தரரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சேக்கிழார் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். சேக்கிழாரைக் குறை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. பக்திக் காப்பியத்தின் நோக்கம் வேறு. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தில் அவளுக்காக ஒரு நிமிஷம் நிறுத்துவேன். சபையில் மாப்பிள்ளைக்கு வழக்கு நடக்கும்போது இந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். பையன்கள்கூட.

திலகவதியார் கதை இதற்கு மறுகரை. திருவாமூர்ப் புகழனார் மகள். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் போருக்குப் போய்விடுகிறார். அதற்குள் அப்பா இறக்கிறார், அம்மாவும் இறக்கிறார், கடைசியில் போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தியும் வருகிறது. திலகவதியார் தாமும் உயிரை விடத் துணிகிறார். நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்று தம்பி அழுகிறான். அந்தத் தம்பிக்காக இருந்துவிடுகிறார். அந்தத் தம்பிதான் அப்பர் சுவாமிகள்.

இறந்தவருக்கே தன்னை உரியவளாக நினைத்து வாழ்ந்த கற்பு என்றுதான் இதை நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது நான் வகுப்பில் வேறொரு வரியை அழுத்திச் சொல்கிறேன். சாவதென்று முடிவெடுத்தவரும் அவரே, வாழ்வதென்று முடிவெடுத்தவரும் அவரே. இடையில் தரகரும் மாமாவும் இல்லை. திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகிப் பூமாலை கட்டி வாழ்ந்தார், சூலைநோயோடு திரும்பி வந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்தார். நின்றுபோன ஒரு கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு பெரிய வாழ்க்கை வாழ்ந்த பெண்ணைத் தமிழ் பெயர் சொல்லி வணங்குகிறது. நம் தெருவில் அதே நிலைமையில் இருக்கிற பெண்ணை மட்டும் நல்ல காரியங்களில் முன்னால் நிறுத்த நமக்கு மனம் வருவதில்லை.

சட்டத்தைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாத சில விஷயங்கள் உண்டு. எங்கள் திருச்சபைச் சட்டம் 1062ஆம் எண்ணில் சொல்கிறது: மண வாக்குறுதி கொடுத்ததைக் காட்டி, கல்யாணத்தை நடத்தியே தீர வேண்டும் என்று யாரும் வழக்காட முடியாது. ஆனால் அதனால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கேட்கலாம். எவ்வளவு தெளிவான நியாயம்! மனத்தை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்த நஷ்டத்தைத் திருப்ப வேண்டும். நாம் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். "நிச்சயம் ஆயிருச்சு, இனி மாத்த முடியாது" என்று மனத்தைக் கட்டுகிறோம். மாறிவிட்டால் பணத்தையும் பொருளையும் மட்டும் "போனது போகட்டும்" என்று விட்டுவிடச் சொல்கிறோம். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் விடாமல் நடந்ததால் ஒன்றரை வருஷத்தில் மூன்று தவணையாக எழுபதாயிரம் வந்தது. மீதி முப்பதாயிரம் வரவே இல்லை.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு கேட்பதும் அதில் குற்றமே. எஸ். கோபால் ரெட்டி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அதைச் சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டது. அதுவும் பேச்சு முறிந்து கல்யாணம் நடக்காமலே போன வழக்குதான். கேட்டதற்கே ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. கொடுத்தவர்களும் குற்றவாளிகள் ஆவார்களே என்ற பயத்தில்தான் பெண் வீட்டார் வாய் திறப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே வழக்குப் போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இது தெரிந்திருந்தால் என் அப்பா அன்று அவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டார்.

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, காதலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். காதல் இருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை குவைத்தில் இருந்தார். நிச்சயம் முடிந்து பத்து நாளில் போய்விட்டார். அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. மொட்டைமாடித் தண்ணித்தொட்டியின் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு மேல் ஒவ்வொரு ராத்திரியும் அங்கே நின்று பேசினேன். அவருக்குச் சுறாப்புட்டு பிடிக்கும் என்று தெரியும். அறையில் கூட இருக்கிறவர்கள் எந்தெந்த ஊர் என்று தெரியும். எந்தக் காலில் பந்து பட்டுத் தழும்பு என்று தெரியும். அவர் பேசிவிட்டு வைத்ததும் கடல்பக்கத்துக் காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்குவேன். அந்த நேரம்தான் எனக்கு நாளிலேயே இனிப்பான நேரம். அதைப் பொய் என்று இன்று சொன்னால் எனக்கு நானே துரோகம் செய்ததாகும்.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நூறு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தும் நான் கேட்கவே இல்லை. "எங்கப்பாகிட்ட உங்க வீட்ல எவ்வளவு கேட்ருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" கேட்டால் தப்பாக நினைத்துவிடுவாரோ என்று பயம். படகு பிடிபட்ட பிறகும் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. கடைசியாகப் பேசியது மே 4. நான்தான் கூப்பிட்டேன். "நான் என்ன செய்யட்டும், அம்மாதான் எல்லாம் பேசுறாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவில்லை. எனக்கு அவர் மீது இப்போது கோபம் இல்லை. அவரும் வாய் திறக்காமல் வளர்க்கப்பட்ட பிள்ளைதான். பெண்ணைப் பேசாமல் வளர்க்கிற வீடுதான் பையனையும் கல்யாணப் பேச்சு நடக்கிற அறைக்கு வெளியே நிறுத்துகிறது. அந்தக் கல்யாணத்தில் எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

எனக்கு இருந்த காதலில் பாதி அவர் மீது. மீதிப் பாதி, தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்ற நினைப்பின் மீது. "போகிற வீடு" என்று ஒன்று வந்துவிட்டது, இனி என் வாழ்க்கையின் பொறுப்பு அங்கே என்ற நிம்மதியின் மீது. இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கீழக்கரைக்காரர். அங்கே பல குடும்பங்களில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அந்த ஆசிரியை ஒருநாள் யதார்த்தமாகச் சொன்னார்: "எங்களுக்குப் போற வீடுங்கிற பேச்சே கெடையாது, இருக்கிற வீடுதான்." அந்தச் சொல் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. இருபத்து நாலு வயது வரை நான் இருந்த வீட்டை நான் ஒரு நாளும் என் வீடாக நினைத்ததில்லையே என்று. எங்களுக்குப் பொருந்துகிற 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தம்பிக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. அதையும் நான் பிறகுதான் படித்தேன்.

பைபிளுக்குள் மடித்து வைத்த விண்ணப்பத்தை ஜூனில் எடுத்தேன். திரும்பி வந்த முதல் தவணையும் ஒரு ஜோடி வளையலும் பி.எட். கட்டணமாகின. விற்கக் கொடுக்கும்போது அம்மா அழவில்லை. அப்பா அடுத்தவர் படகில் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒரு விடிகாலை, கிளம்புவதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "கடன அடச்சிரலாம்த்தா. அந்த வீட்டுக்கு உன்ன அனுப்பிருந்தா அத அடச்சிருக்க முடியாது." அன்பு என்றால் என்ன என்று நான் மறுபடி படிக்கத் தொடங்கியது அந்தத் திண்ணையில்தான்.

அரசாங்கமே இந்த விஷயத்தில் மனம் மாறியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய தெம்பு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதியுதவி 1989இல் தொடங்கியது. 2011இல் தாலிக்கு நாலு கிராம் தங்கம் சேர்ந்தது, 2016இல் அது எட்டு கிராம் ஆயிற்று. 2022இல் அதையே மாற்றி, கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று புதுமைப்பெண் திட்டமாக்கினார்கள். முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு, பிறகு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும். என் பெரியம்மா மகளுக்குத் தாலித் தங்கம் வந்தது. என் மாணவிகளுக்குப் பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் பணம் வருகிறது. ஏழைப் பெண்ணுக்குத் தங்கம் கொடுத்தது உதவிதான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கணக்கு அங்கே மாறியிருக்கிறது. வீடுகளுக்குள் அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை.

நிச்சயத் தாம்பாளத்தில் பணம் வைப்பதை நாம் முதலில் விட வேண்டும். அந்தப் பணம்தான் பெண்ணின் வாயை அடைக்கிறது. இவ்வளவு கொடுத்தாகிவிட்டதே, இனி எப்படி வேண்டாமென்பது என்று. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உள்ள மாதங்கள் மண்டபத்துக்கும் ஜவுளிக்கும் மட்டும் போகக் கூடாது. வேலை, சம்பளம், கடன், யார் வீட்டில் இருப்பது, குழந்தை, குடி என்று அவர்கள் இரண்டு பேரும் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்கிற மாதங்களாக இருக்கட்டும். வேண்டாம் என்று முடிவானால் முடிவெடுத்தவரே மற்றவரிடம் நேராகச் சொல்லட்டும். வாங்கிய பொருள் ஒரு மாதத்துக்குள் திரும்பட்டும். அதற்கு ஊர்க் கமிட்டியும் பங்குப் பேரவையும் ஜமாத்தும் பொறுப்பேற்கட்டும். படகுப் பங்கையும் வலைத் தகராறையும் எவ்வளவு நுணுக்கமாகப் பேசித் தீர்க்கிறவர்கள் இவர்கள்! இதை அவர்களால் செய்ய முடியாதா?

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகலாம், ஆகாமலும் போகலாம். இடையில் இரண்டு இடம் வந்தது. இரண்டு பேரிடமும் நான் நேராகப் பேச வேண்டும் என்றேன். ஒருவர் வரவில்லை. மற்றவர் வந்தார், மண்டபம் கடற்கரையில் இரண்டு மணி நேரம் பேசினோம், நல்ல மனிதர். எங்கள் இருவருக்கும் ஒத்துவராது என்று இருவருமே சொல்லிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மனசில் எந்தப் பாரமும் இல்லை.

போன மாதம் ஓலை நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மாணவி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அடுப்படியில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஊருக்குள்ள தலகாட்ட முடியலையே டீச்சர்" என்றாள். பெண் கட்டிலில் உட்கார்ந்து டூட்டி உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்க சொன்னாங்களா, நீ சொன்னியா?" என்று கேட்டேன்.

"நாந்தான் டீச்சர். நைட் டூட்டி வேணாம்னாரு, மாத்திக் கேக்குறேன்னேன். அப்புறம் வேலையே வேணாம்னாரு. ரெண்டு நாள் யோசிச்சேன். நானே போன் போட்டு அவருகிட்டச் சொன்னேன். அவுங்க அம்மாகிட்ட இல்ல, அவருகிட்டயே."

"அவர் என்ன சொன்னார்?"

"கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், நேரா சொன்னதுக்கு தேங்ஸ்னாரு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மாவுக்கு இது இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் கழித்து மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வரும் ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு மூவரும் சேர்ந்து போவதாகப் பேசியிருக்கிறோம். அன்று அவளுக்கு நைட் டூட்டி முடிகிற நாள். ராமநாதபுரத்தில் விடிகாலை பஸ்ஸைப் பிடித்தால் பாம்பன் பாலம் தாண்டி ஏழரைக்குள் வந்துவிடுவேன் என்கிறாள்.